ஒரு டியூக், ஊரெல்லாம் வெலிங்டன்

புதன், ஹைட் பார்க் கார்னர்

சுரங்க ரயில் நிலையத்தின் படியேறி மேலே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெலிங்டன்தான். நடுவில் வெலிங்டன் வளைவு. பக்கத்திலேயே குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வெலிங்டன். சாலைக்கு அந்தப்புறம் அவர் வாழ்ந்த ஆப்ஸ்லி ஹவுஸ். அதற்குப் பின்னால், பூங்காவுக்குள், அவர் நினைவாக நிறுத்திய அக்கிலீஸ் சிலை. ஒரு ரவுண்டானாவையே ஒருவர் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா மகள் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் வந்தேன். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? இந்த மனிதரின் பெயர் ஒட்டியிருக்கும் இடங்களையும் பொருள்களையும் தேடிப் போகலாம் என்று கிளம்பிவிட்டேன். காரணம் இருக்கிறது. நான் வளர்ந்தது நீலகிரியின் அரவங்காடு. மலை ரயிலில் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். யார் அந்த வெலிங்டன் என்று கேட்டால் "யாரோ வெள்ளைக்காரத் துரை" என்று பெரியவர்கள் முடித்துக்கொள்வார்கள்.

அந்தத் துரையின் சொந்தப் பெயர் ஆர்தர் வெல்லஸ்லி. வெலிங்டன் டியூக் என்பது பிற்பாடு கிடைத்த பிரபுப் பட்டம். 1769-இல் டப்ளினில் பிறந்தார். நெப்போலியன் பிறந்ததும் அதே ஆண்டுதான். 1797-இல் கர்னலாக இந்தியா வந்து 1805 வரை இருந்தார். அண்ணன் ரிச்சர்டு கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்ததும் தம்பிக்கு வழி திறந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799 மே 4 அன்று கோட்டைக்குள் பாய்ந்த படையை நடத்தியவர் பெயர்டு. ஆனால் கோட்டையின் பொறுப்பு போனது வெல்லஸ்லிக்கு. திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையில் வெல்லஸ்லி குடியேறினார். பெயர்டுக்கு அந்த வயிற்றெரிச்சல் கடைசிவரை தீரவில்லை. கவர்னர் ஜெனரலைத் தமையனாகப் பெற்றவனுக்கு எது கிடைக்காது!

ஆப்ஸ்லி ஹவுஸுக்கு 'நம்பர் 1, லண்டன்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. மேற்கிலிருந்து நகருக்குள் வரும்போது சுங்கச்சாவடி தாண்டியதும் வரும் முதல் வீடு என்பதால் வந்த பெயர். 1947-இல் குடும்பம் இதை அரசுக்குக் கொடுத்தது. ஆனாலும் சில அறைகளை இன்றைய டியூக் வைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே நுழைந்து மாடிப்படிப் பக்கம் திரும்பினால் நெப்போலியன் நிற்கிறார். அம்மணமாக. மூன்றரை மீட்டர் உயரம், வெள்ளைப் பளிங்கு, கனோவா செதுக்கியது. நெப்போலியனுக்கே இது பிடிக்காமல் போய் லூவரில் திரை போட்டு மறைத்து வைத்திருந்தார்கள். 1815-இல் வெலிங்டன் நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு அதை விலைக்கு வாங்க, இளவரசர் வெலிங்டனுக்குப் பரிசளித்தார். எடை தாங்குவதற்காகத் தரைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்ததாம். தோற்றவனின் சிலையை மாடிப்படியில் நிறுத்தி, தினமும் அதைக் கடந்து படுக்கப் போவது என்ன மாதிரியான மனநிலையோ.

மேலே வாட்டர்லூ கேலரி. ஒவ்வோர் ஆண்டும் வாட்டர்லூ நாளன்று பழைய அதிகாரிகளுக்கு அவர் விருந்து வைத்த நீள அறை. சுவரில் தொங்கும் ஓவியங்களில் பல ஸ்பெயின் அரண்மனையைச் சேர்ந்தவை. 1813-இல் விட்டோரியாவில் தோற்று ஓடிய நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட்டின் வண்டியில் சுருட்டிக் கிடந்தவை. திருப்பித் தருகிறேன் என்று வெலிங்டன் எழுதியபோது ஸ்பெயின் அரசர் "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றுவிட்டார். வெலாஸ்குவெஸ் தீட்டிய செவில் நகரத் தண்ணீர் விற்பவர் இங்கேதான் இருக்கிறார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அவர் முன்னால் மட்டும் நின்றுகொண்டிருக்கலாம். குடத்தின் மேல் வழியும் நீர்த்துளி ஒவ்வொன்றும் தெரிகிறது.

அதே அறையில் கோயா வரைந்த வெலிங்டன், குதிரைமேல். இதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அடியில் வேறொரு ஆள் தெரிந்திருக்கிறார். யாருக்கோ ஆரம்பித்த படம், ஆட்சி மாறியதும் தலையும் மாறியிருக்கிறது. வெளியே நிற்கும் வளைவின் கதையும் இதேதான். நான்காம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் அரண்மனைக்கு வாசலாகக் கட்டத் தொடங்கியது, வெலிங்டன் பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 1846-இல் அதன் உச்சியில் 40 டன் எடையில் ஒரு வெலிங்டன் குதிரைச் சிலையை ஏற்றினார்கள். வளைவுக்குப் பொருந்தாத பூதம் என்று ஊரே சிரித்தது. இறக்கிவிடலாம் என்று அரசு நினைத்தபோது, இறக்கினால் எனக்கு அவமானம் என்று டியூக் சொல்லிவிட்டார். அவர் செத்த பிறகும் முப்பது வருஷம் அது அங்கேயே இருந்தது. பிறகு சாலைக்காக வளைவையே கழற்றி இடம் மாற்றியபோதுதான் இறக்கி, 1885-இல் ஆல்டர்ஷாட் ராணுவ முகாமுக்கு அனுப்பினார்கள். இப்போது வளைவின் உள்ளே ஒரு பாதி, கீழே போகும் சுரங்கச் சாலைக்குக் காற்றுப் போக்கி. வாகனப் புகையை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது.

எனக்கு அதிகம் வேலை இருந்தது கீழ்த்தளத்தில், பாத்திர பண்டங்கள் வைத்திருக்கும் அறையில். ஐரோப்பிய மன்னர்கள் கொடுத்த பீங்கான் சாமான் அடுக்கடுக்காக இருக்கிறது. அவற்றுக்கு நடுவில் 'டெக்கான் சர்வீஸ்' என்ற பெயரில் பொன்முலாம் பூசிய வெள்ளிப் பாத்திரங்கள். தக்காணத்தில் அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள் சேர்ந்து கொடுத்தது. அந்தத் தக்காணப் போர்களில் பெரியது 1803 செப்டம்பர் 23 அன்று நடந்த அசாயே. மராத்திய மன்னர்கள் சிந்தியாவும் நாகபுரி போன்ஸ்லேயும் ஒரு பக்கம், வெல்லஸ்லியிடம் சுமார் 7,000 பேர். அந்த ஒரு பிற்பகலில் அவர் தரப்பில் மட்டும் 1,500 பேருக்கு மேல் சாவும் காயமும். வயதான காலத்தில், நீங்கள் செய்ததிலேயே சிறந்த போர் எது என்று கேட்டதற்கு வாட்டர்லூ என்று சொல்லாமல் அசாயே என்று சொன்னவர் இவர்.

அங்கே நின்ற காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் பட்டாளங்கள். நம் ஊர் சிப்பாய்கள். அந்தப் போருக்காக அந்தப் பட்டாளங்களுக்குச் சின்னமாகக் கொடுக்கப்பட்ட யானை இன்றும் மதராஸ் ரெஜிமென்ட்டின் தொப்பியில் இருக்கிறது. அந்த ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருப்பது எங்கள் வெலிங்டனில். பள்ளிக்குப் போகும் வழியில் அந்த யானையைத் தினமும் பார்த்திருக்கிறேன். அதற்கும் ஊர்ப் பெயருக்கும் நடுவே ஓடும் நூல் இந்தக் கண்ணாடி அலமாரிக்குள் கிடக்கும் என்று யார் நினைத்தது? அறையைக் காவல் காத்த அம்மையாரிடம் சொன்னேன். "அப்படியா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வரும்போது ஜன்னல்களைப் பார்த்தேன். 1831-இல் வாக்குரிமைச் சீர்திருத்தத்தை இவர் எதிர்த்ததற்காக மக்கள் கல்லெறிந்து இந்த ஜன்னல்களை உடைத்தார்கள். உள்ளே மனைவி கிட்டியின் உடல் இன்னும் அடக்கமாகாமல் கிடந்த நேரம். அதன் பிறகு இரும்புக் கதவு போட்டார். 'இரும்பு டியூக்' என்ற பட்டம் அந்தக் கதவிலிருந்து வந்தது என்று ஒரு பேச்சும் உண்டு.

வியாழன், செயின்ட் பால்ஸ்

இன்று மழை. சமாதியைப் பார்க்க ஏற்ற வானிலைதான்.

தேவாலயத்தின் நிலவறையில் இரண்டு பேர் பக்கம் பக்கமாகக் கிடக்கிறார்கள், கடற்படைத் தளபதி நெல்சனும் வெலிங்டனும். நெல்சனுக்குக் கிடைத்த கறுப்புக் கல்பெட்டி, கார்டினல் வுல்ஸி தனக்காகச் செய்து வைத்து, கடைசியில் அவருக்கே பயன்படாமல் போனது. வெலிங்டனுடையது கார்ன்வாலில் கிடைத்த ஒரு முரட்டுப் பாறையில் செதுக்கியது. அடியில் நான்கு மூலைக்கும் உறங்கும் சிங்கங்கள். அலங்காரம் குறைவு என்பதாலேயே நன்றாக இருக்கிறது. உயிரோடு இருந்தபோது இருவரும் சந்தித்தது ஒரே ஒரு முறை. 1805 செப்டம்பரில், ஓர் அமைச்சரின் அறைக்கு வெளியே காத்திருந்த நேரத்தில். வெல்லஸ்லி அப்போதுதான் இந்தியாவிலிருந்து திரும்பியிருந்தார். இவர் யார் என்று தெரியாமல் நெல்சன் முதலில் பெருமையடித்துப் பேசிக்கொண்டிருந்தாராம். வெளியே போய் விசாரித்துவிட்டு வந்த பிறகு வேறு மனிதராகப் பேசியிருக்கிறார். அடுத்த மாதம் டிரஃபால்கர் கடற்போரில் நெல்சன் இறந்துபோனார்.

மேலே, ஆல்ஃபிரெட் ஸ்டீவன்ஸ் செய்த நினைவுச் சின்னம். உச்சியில் குதிரைமேல் டியூக். தேவாலயத்துக்குள் குதிரையா என்று அந்தக் காலத் தலைமைக் குரு மறுத்துவிட்டதால், சிற்பி இறந்து பல வருஷம் கழித்து 1912-இல்தான் குதிரை மேலே ஏறியது.

1852 நவம்பர் 18 அன்று நடந்த இறுதி ஊர்வலத்துக்குப் பீரங்கி வெண்கலத்தில் ஒரு வண்டி செய்தார்கள். பன்னிரண்டு குதிரை பூட்டியும் அது பால் மால் சாலையில் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. அதைத் தள்ளிவிட்டவர்களின் பெயரை யாரும் எதற்கும் வைக்கவில்லை. நனைந்துகொண்டே ஈஸ்ட் ஹாம் திரும்பி, சரவணபவனில் ஒரு காபி.

வெள்ளி, வால்மர்

ஸ்டிராட்ஃபோர்டில் ரயில் ஏறினால் கென்ட் கடற்கரை. வால்மர் கோட்டை எட்டாம் ஹென்றி காலத்தில், 1539–40-இல், பிரெஞ்சுக்காரனுக்குப் பயந்து கட்டியது. மேலிருந்து பார்த்தால் பூவிதழ் போலத் தெரியுமாம். கீழிருந்து பார்க்கிற நமக்குத் தடித்த வட்டச் சுவர் மட்டும்தான். துறைமுகக் காவலர் என்ற பழைய கௌரவப் பதவியில் இருப்பவருக்கு இது வீடு. வெலிங்டன் 1829 முதல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். 1842-இல் விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு வந்து சில வாரம் தங்கியபோது இவர்தான் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது.

அவருடைய அறை சின்னது. போர்முனையில் விரிக்கிற இரும்புக் கட்டில், மேலே ஒல்லியான குதிரைமுடி மெத்தை. இரண்டு முறை பிரதமராக இருந்தவர், ஐரோப்பாவே விழுந்து கும்பிட்ட ஆள், படுத்தது இதில். இவ்வளவு குறுகலில் எப்படிப் புரண்டு படுப்பது என்று கேட்டால், புரள வேண்டும் என்று தோன்றினாலே எழுந்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது என்பாராம். பக்கத்தில் ஒரு நாற்காலி. 1852 செப்டம்பர் 14 பிற்பகல் இதில் உட்கார்ந்தபடி இறந்தார். இந்தச் சாமான்கள் கலைந்து போகாமல் தப்பியதற்குக் காரணம், பின்னாளில் இதே பதவிக்கு வந்த டபிள்யூ. எச். ஸ்மித். ரயில் நிலையங்களில் புத்தகக் கடை வைத்த அதே ஸ்மித்தான். இவை கோட்டையை விட்டுப் போகக் கூடாது என்று சட்டப்படி எழுதி வைத்துவிட்டார்.

நான் தேடி வந்தது பூட்ஸை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடி இருக்கிறது. கறுப்புத் தோல், முழங்காலுக்குக் கீழே நிற்கும் உயரம், கொஞ்சமும் பகட்டு இல்லை. அதற்கு முன் ராணுவ அதிகாரிகள் போட்டது ஹெஸ்ஸியன் பூட்ஸ். முழங்காலில் வளைந்து ஏறும், முன்னால் குஞ்சம் தொங்கும். இறுக்கமான அரைக்கால்சட்டை போய் நீளக் கால்சட்டை வந்த காலத்தில் அந்தக் குஞ்சம் துணியில் மாட்டும். வெலிங்டன், செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இருந்த ஹோபி என்ற செருப்புத் தைப்பவரிடம் சொல்லிக் குஞ்சத்தை எடுத்து, உயரத்தைக் குறைத்து, காலோடு ஒட்டும்படி கன்றுத்தோலில் செய்து வாங்கினார். குதிரை ஏறவும் ஆகும், மாலையில் விருந்துக்கும் ஆகும். அவர் போட்டதைப் பார்த்து லண்டன் இளவட்டங்கள் எல்லாம் போட்டார்கள்.

இதுவரை நான் பார்த்ததில் அவரே வேண்டும் என்று கேட்டு, அளவு கொடுத்து, உடம்பில் போட்டுக்கொண்ட ஒரே 'வெலிங்டன்' இதுதான். மற்றதெல்லாம் அடுத்தவர்கள் ஒட்டியது.

ரப்பருக்கு மாறியது அவர் காலத்துக்குப் பிறகு. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் அதை வைத்து 1853-இல் பிரான்சில் பூட்ஸ் தயாரிக்க ஆரம்பித்தார். பிரெஞ்சு விவசாயிகள்தான் முதல் வாடிக்கையாளர்கள். வெலிங்டனுக்கு இது தெரிந்திருந்தால்! 1856-இல் எடின்பரோவில் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி தொடங்கியது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சேற்றில் சிப்பாய்களின் கால் அழுகிப் போவதைத் தடுக்க, அந்தக் கம்பெனி மட்டும் 11 லட்சம் ஜோடிக்கு மேல் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் அதே பூட்ஸ் வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்துவிட்டது. இங்கே அதை 'வெல்லி' என்கிறார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து நாம் போடும் கம்பூட்ஸ் இதுதான்.

கோட்டைக்கு எதிரே கூழாங்கல் கடற்கரை. மணலே இல்லை. நடந்தால் கால் வலிக்கிறது.

சனி, சாமர்செட்

இன்று அக்கா மகளும் வந்தாள். பாடிங்டனில் ரயில் ஏறி டான்டன், அங்கிருந்து பஸ்ஸில் வெலிங்டன். அசல் வெலிங்டன். எல்லாவற்றுக்கும் மூலமான ஊர்.

"மாமா, இவர் இந்த ஊர்க்காரரா?"

"இல்லம்மா."

"அம்மா ஊரா?"

"அதுவும் இல்ல."

1809-இல் ஸ்பெயினில் தலவேரா போரில் ஜெயித்ததும் இவருக்குப் பிரபுப் பட்டம் கொடுக்க முடிவானது. என்ன பெயரில் என்று உடனே சொல்ல வேண்டும். இவரோ ஸ்பெயினில் இருக்கிறார், கடிதம் போய் வர நாளாகும். லண்டனில் இருந்த அண்ணன் வில்லியம் வரைபடத்தைப் பார்த்து, வெல்லஸ்லி என்ற குடும்பப் பெயருக்கு ஓசையில் பக்கமாக வரும் ஊர் ஒன்றைப் பிடித்தார். சாமர்செட்டில் ஒரு வெலிங்டன் இருந்தது. முடிந்தது காரியம். மனைவி கிட்டிக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை, இது எதையும் ஞாபகப்படுத்தவில்லையே என்று எழுதி வைத்திருக்கிறார். நியாயமான பேச்சு. பிற்பாடு இங்கே நிலம் வாங்கினார்கள் என்றாலும் டியூக் இந்த ஊருக்கு வந்தது 1819-இல் ஒரே ஒரு முறை என்கிறார்கள்.

ஆக, நியூசிலாந்தின் தலைநகருக்குப் பெயர் கொடுத்தது, ஓசைக்காக ஓர் அண்ணன் எடுத்த ஊர்ப் பெயர். அந்தத் துறைமுகத்தை மாவோரி மக்கள் தெ வாங்கனுய் ஆ தாரா என்று அழைத்து வந்தார்கள். 1840-இல் குடியேற்றக் கம்பெனி, நாடாளுமன்றத்தில் தங்கள் திட்டத்துக்குக் கைகொடுத்தவர் என்று டியூக்கின் பெயரை வைத்தது. அவர் அந்தப் பக்கமே போனதில்லை. நீலகிரியும் அப்படியே. இவர் 1805-இல் கப்பலேறியபோது வெள்ளைக்காரர்கள் நீலகிரிமேல் ஏறிக் குடியிருக்கவே ஆரம்பிக்கவில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் போனது 1819-இல். பாளையம் கட்டிய இடம் படுகர்களின் ஜகதளாவை ஒட்டியது என்பதால் முதலில் அதே பெயர்தான் வழங்கியது. 1860 வாக்கில்தான் வெலிங்டன் ஆக்கினார்கள். ஜகதளா ஊர் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து எங்கள் வகுப்பில் பாதிப் பேர்.

ஊருக்குத் தெற்கே பிளாக்டவுன் குன்றின்மேல் நினைவுத் தூண் இருக்கிறது. முக்கோண வடிவம், 175 அடி. முப்பட்டைத் தூண்களில் உலகிலேயே உயரமானது. 1817-இல் அடிக்கல் போட்டார்கள். பணம் தீர்ந்து நின்றுவிட்டது. பிறகு இடி விழுந்தது. 1852-இல் அவர் இறந்த பிறகு ஊருக்கு ரோஷம் வந்து மறுபடியும் கட்டினார்கள், இப்போதைய உயரம் வந்தது 1890-களில். இந்த நூற்றாண்டில் கல் பெயர்ந்து விழ ஆரம்பித்ததால் வேலி போட்டு மூடி, பெரிய செலவில் பழுது பார்த்து 2021-இல் முடித்திருக்கிறார்கள். உள்ளே 232 படி. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஏற விடுகிறார்கள், இன்று இல்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, முழங்காலுக்கு அதைவிடக் குறைவு.

பக்கத்தில் ஒரு பீரங்கி. வாட்டர்லூவில் பிடித்த பீரங்கிகள் இங்கே வர வேண்டும் என்பது திட்டம். வந்து சேர்ந்தவை வாட்டர்லூவைப் பார்க்காதவை.

ஊருக்கு என்று ஒரு சொந்தப் பெருமை இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. 1772-இல் தொடங்கிய ஃபாக்ஸ் பிரதர்ஸ் கம்பளி ஆலை. முதல் உலகப்போரில் சிப்பாய்கள் காலில் சுற்றிய பட்டிகளை மைல் கணக்கில் நெய்து அனுப்பியது இங்கிருந்துதான். நம்மூர்ப் பழைய போலீஸ்காரர்கள் காக்கி டிரவுசருக்குக் கீழே சுற்றியிருப்பார்களே, அந்தப் பட்டி. இன்றும் ஃபிளானல் துணி நெய்கிறார்கள். தூணைவிட எனக்கு இந்தச் செங்கல் ஆலைதான் பிடித்தது.

மதியம் ஒரு பப்பில் பீஃப் வெலிங்டன். மாட்டின் முதுகுப் பக்கத்து மெத்தென்ற இறைச்சியைச் சுற்றி, பொடியாக அரிந்து வதக்கிய காளான். அதற்கு மேலே, நம் பேக்கரியில் பஃப்ஸுக்குப் போடும் அதே அடுக்கு மாவு. அடுப்பில் சுட்டு, துண்டு போட்டுத் தருகிறார்கள். வெட்டும்போது உள்ளே இறைச்சி ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும், மாவு நமுத்துவிடக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் சாதிப்பதுதான் சமையல்காரரின் கெட்டிக்காரத்தனம். எங்களுக்கு வந்ததில் அடிமாவு நமுத்திருந்தது. டியூக்குக்கும் இதற்கும் தொடர்பு தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவர் காலத்துச் சமையல் புத்தகங்களில் இந்தப் பெயரே இல்லை, பெயர் அச்சில் வருவது இருபதாம் நூற்றாண்டில். அவரோ தட்டில் என்ன விழுந்தது என்று கவனிக்காமல் சாப்பிடுகிற ஆள் என்று கூட உண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

"அப்போ மாமா, இதுக்கு ஏன் இந்தப் பேரு?"

"விலை ஏத்தத்தான்."

பில்லைப் பார்த்த பிறகு அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஞாயிறு, பிரூக்லாண்ட்ஸ்

வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏற வேண்டியிருந்தது. தோற்கடித்த இடத்தின் பெயர் பாலத்துக்குப் போய், பாலத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வந்தது. 1994 முதல் 2007 வரை பாரிஸிலிருந்து வரும் யூரோஸ்டார் ரயில் இங்கேதான் வந்து நின்றது. பிரெஞ்சுக்காரர்களை வாட்டர்லூவில் இறக்கிவிட்டுப் பதின்மூன்று வருஷம் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

வேய்பிரிட்ஜில் இறங்கி நடந்தால் பிரூக்லாண்ட்ஸ் மியூசியம். பழைய கார்ப்பந்தயத் தளம், பிறகு விமானத் தொழிற்சாலை. கான்கார்டு விமானம்கூட நிற்கிறது. அக்கா மகள் அதற்குள் போய்விட்டாள். நான் பார்க்க வந்தது விக்கர்ஸ் வெலிங்டன்.

இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சு விமானம். 1936-இல் முதல் முறையாகப் பறந்தபோது அதற்கு நினைத்திருந்த பெயர் கிரெஸி, பிறகுதான் வெலிங்டன் என்று மாற்றினார்கள். அதே கம்பெனி அதற்கு முன் செய்தது வெல்லஸ்லி. ஆக குடும்பப் பெயர், பட்டப் பெயர் இரண்டும் வானத்துக்குப் போய்விட்டன. 1938-இல் இரண்டு வெல்லஸ்லிகள் எகிப்தின் இஸ்மாயிலியாவில் கிளம்பி ஆஸ்திரேலியாவின் டார்வின் வரை நிற்காமல் பறந்து உலக சாதனை செய்தன, 11,500 கிலோமீட்டருக்கு மேல். வெலிங்டன் மொத்தம் 11,461 கட்டினார்கள். விமானப்படையில் யாரும் டியூக் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, 'விம்பி' என்றுதான் கூப்பிட்டார்கள். பாப்பாய் கார்ட்டூனில் எப்போதும் ஹாம்பர்கர் தின்னும் குண்டு ஆசாமி ஜே. வெலிங்டன் விம்பியின் பெயர் அது.

இங்கே நிற்பதைச் சாதாரண விமானம் என்று சொல்ல முடியாது. 1940 டிசம்பர் 31 அன்று பயிற்சிக்குப் போனபோது எஞ்சின் பழுதாகி, ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கியது. ஆறு பேர் பாராசூட்டில் குதித்தார்கள். வால்பக்கத் துப்பாக்கிக்காரர் மட்டும் பாராசூட் சரியாக விரியாமல் இறந்துபோனார். இரண்டு விமானிகளும் தண்ணீரில் இறக்கி, ரப்பர் படகில் கரையேறினார்கள். விமானம் மூழ்கியது. 1976-இல் ஏரியின் புகழ்பெற்ற பூதத்தைத் தேடி வந்தவர்களின் ஒலிக் கருவியில் இது சிக்கியது. 1985-இல் தூக்கினார்கள். பிறகு தன்னார்வலர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள்.

சரிசெய்ததில் ஒரு நல்ல காரியம், முழுதாகத் துணி போர்த்தாமல் எலும்பு தெரியும்படி விட்டிருக்கிறார்கள். பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த கட்டுமானம். மூங்கில் கூடை பின்னுகிற மாதிரி, குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து போகும் அலுமினியக் கலவைப் பட்டைகள், முழு உடம்பையும் சுற்றி. ஒரு பட்டை இழுபடும்போது அதைக் குறுக்கிடும் பட்டை அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே பத்துப் பதினைந்து இடத்தில் ஓட்டை விழுந்தாலும் பாரம் மற்றப் பட்டைகளுக்குப் பிரிந்துபோய், விமானம் வீடு வந்து சேரும். மேலே லினன் துணி, அதன்மேல் இறுக்கிப் பிடிக்கும் வார்னிஷ். அவ்வளவுதான் தோல். பாதித் துணி எரிந்து எலும்புக்கூடாகத் திரும்பி வந்த வெலிங்டன்களின் படங்கள் சுவரில் இருக்கின்றன. 1943-இல் பிராட்டன் தொழிற்சாலையில் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஒன்றை 24 மணி நேரத்துக்குள் கட்டி முடித்தார்கள். பட்டை பின்னியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

என் அப்பா அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். அவர் வந்திருந்தால் இந்த மியூசியத்தை விட்டு மூடும்வரை நகர்ந்திருக்க மாட்டார். நானே நகரவில்லை, காவலாளி மணி அடித்த பிறகுதான்.

திங்கள், குரோத்தோர்ன்

ரெடிங்கில் ரயில் மாறி குரோத்தோர்ன். இந்த ஸ்டேஷனுக்கு 1928 வரை பெயர் வெலிங்டன் காலேஜ். மலை ரயிலில் எங்கள் ஸ்டேஷன் மட்டும் பெயர் மாறாமல் இருக்கிறது.

டியூக் இறந்ததும் நாடு முழுக்க நன்கொடை பிரித்தார்கள். சிலை ஏற்கெனவே போதும் போதும் என்று இருந்தது. அதனால் இறந்துபோன ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளி என்று முடிவு செய்து 1859-இல் திறந்தார்கள். நினைவுச் சின்னங்களில் உருப்படியான யோசனை. இன்று அங்கே படிக்க வைக்கக் கட்ட வேண்டிய தொகையைக் கேட்டால் அநாதைப் பிள்ளைகளுக்குத் தொடங்கியது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அங்கிருந்து ஃபின்ச்சாம்ஸ்டெட் போகும் சாலையில் வெலிங்டோனியா அவென்யூ. கலிஃபோர்னியாவின் ராட்சத சீக்வோயா மரங்கள், நூற்றுக்கு மேல், சாலையின் இருபுறமும் வரிசையாக. 1853-இல் வில்லியம் லாப் விதை கொண்டு வந்தார். லண்டனில் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி ஆராய்ந்து, உலகின் மிகப் பெரிய மரத்துக்கு நம் மிகப் பெரிய மனிதரின் பெயர் என்று வெலிங்டோனியா ஜைகான்டியா என்று அறிவித்துவிட்டார். அமெரிக்கர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? எங்கள் மண்ணின் மரம், வாஷிங்டன் பெயர்தான் வைக்க வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். கடைசியில் தாவரவியல் விதிப்படி அந்தப் பெயர் செல்லாது. வேறொரு செடிக்கு அதை 1840-லேயே வைத்திருந்தார்கள்! இன்றைய பெயர் சீக்வோயாடெண்ட்ரான், 1939-இல் வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் விடாமல் வெலிங்டோனியா என்கிறார்கள்.

மரப்பட்டையைக் கைமுட்டியால் குத்திப் பார்க்கலாம், வலிக்காது. பஞ்சு மாதிரி உள்வாங்குகிறது. நடைபாதை சில இடங்களில் இல்லவே இல்லை, கார்கள் உரசிக்கொண்டு போகின்றன. குழந்தைகளோடு வருகிறவர்கள் கவனம்.

பார்க்க முடியாமல் போனது ஸ்டிராட்ஃபீல்டு சே, டியூக்கின் கிராமத்து வீடு. இங்கிருந்து தூரம் இல்லை. ஆனால் இன்னும் குடும்பம் வசிப்பதால் வருஷத்தில் சில வாரம் மட்டும் திறக்கிறார்கள். சேற்றில் சிக்கிய அந்தச் சவ ஊர்வல வண்டி அங்கேதான் இருக்கிறது, அவருடைய குதிரை கோபன்ஹேகனின் சமாதியும். வாட்டர்லூ அன்று காலையிலிருந்து இரவுவரை அவரைச் சுமந்த குதிரை அது. இறங்கியதும் அவர் தட்டிக் கொடுக்கப் போக, அது உதைத்த உதை மயிரிழையில் தவறியது. அன்று முழுக்க பிரெஞ்சுக் குண்டு எதுவும் அவ்வளவு கிட்டத்தில் வரவில்லை என்பார்கள். 1836-இல் அது செத்தபோது ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். அடுத்து வருகிறவர்கள் அந்த வீடு திறக்கும் தேதியை முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஆப்ஸ்லி ஹவுஸும் திங்கள், செவ்வாயில் திறப்பதில்லை. செயின்ட் பால்ஸில் சமாதியை மட்டும் பார்க்க வந்தேன் என்றாலும் முழு டிக்கெட்தான்.